கொடைக்கானலிலிருந்து வாலல் வரை: ஒரு நட்சத்திரத்தின் உண்மையான இடம்

லோயர் கேம்ப்ல ராத்திரி நின்னு அண்ணாந்து பாருங்க. நட்சத்திரம் தெரியுற இடத்துல அது உண்மையில இல்லை.

முதல் காரணம் தூரம். வெளிச்சம் வந்து சேர வருஷக்கணக்காகும், அதுக்குள்ள நட்சத்திரம் நகர்ந்திருக்கும். நம்ம பாஷையில, பழைய கேஷ். அடுத்தது காற்று. வளிமண்டலம் ஒளியை வளைக்கிறதால, தொடுவானத்தில் இருக்கிற நட்சத்திரம் சுமார் அரை டிகிரி உயர்ந்து தெரியும். (லோயர் கேம்ப்ல மலை மறைச்சிடும். இதுக்குக் கடற்கரைதான் சரி.)

மூணாவது, நம்ம வேகம். குமுளி மலைப்பாதையில மழைக்குள்ள பைக் ஓட்டினா, நேரா விழுற மழையும் முகத்துல வந்து அடிக்கும் இல்லையா? பூமி சூரியனைச் சுத்தி நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுது. நட்சத்திர ஒளியும் அதே மாதிரி சாய்ந்து வருது. சாய்வு அதிகபட்சம் சுமார் 20 ஆர்க்செகண்ட். ஒரு டிகிரியை 3,600 துண்டு போட்டா ஒரு துண்டுதான் ஆர்க்செகண்ட். 1720களிலேயே ஜேம்ஸ் பிராட்லி இதைக் கண்டுபிடிச்சிட்டார்.

நாலாவதுதான் நம்ம கதை. சூரியனை ஒட்டி வரும் ஒளி 1.75 ஆர்க்செகண்ட் வளையும்னு ஐன்ஸ்டைன் சொன்னார். இரண்டரை கிலோமீட்டர் தள்ளி ஒரு ரூபாய் காசை வச்சா எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான். சூரியன் பக்கத்துல நட்சத்திரம் தெரியணும்னா முழு கிரகணம் வேணும். அப்போ எடுத்த படத்தை, சூரியன் அங்கே இல்லாதப்போ ராத்திரியில எடுத்த படத்தோட ஒப்பிடணும். 1919ல எடிங்டன் குழு அளந்து சரின்னு சொல்லியும் சந்தேகம் தீரலை.

அடுத்த நல்ல வாய்ப்பு 1922 செப்டம்பர் 21. இடம், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில வாலல். கம்பம் பள்ளத்தாக்குக்கு வடக்கே, பழனி மலை மேல இருக்கிற கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநர் ஜான் எவர்ஷெட் கருவிகளோட அங்கே போனார். சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா ஓடுறதை 1909ல கொடைக்கானல்ல கண்டுபிடிச்சவர் இவர். ஐன்ஸ்டைனோட இன்னொரு கணிப்பையும், சூரிய நிறமாலைக் கோடுகளின் நகர்வை அளந்து, ஏற்கெனவே சோதிச்சிட்டிருந்தார். தகுதியில ஒரு குறையும் சொல்ல முடியாது.

முழு கிரகணம் இருந்தது அஞ்சு நிமிஷம் சொச்சம். எவர்ஷெட்டுக்குக் கருவி காலை வாரிவிட்டது. அளக்கிற தரத்தில் படம் கிடைக்கலை. அதே வாலல்ல, அமெரிக்காவின் லிக் ஆய்வகத்து கேம்பெல் குழுவுக்குப் படங்கள் அருமையா வந்தன. அவங்க அளந்த விலகல் ஐன்ஸ்டைன் சொன்னதோட ஒத்துப்போச்சு. புத்தகங்கள்ல பேர் வாங்கினது அவங்கதான். இன்னொரு கிரகணத்துக்குக் கொடைக்கானல்ல காத்திருக்க எவர்ஷெட்டுக்கு நேரமில்லை. 1923ல ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிட்டார்.