இசைத்தட்டில் பாரதி

ஒரு பாட்டை இத்தனை லட்சம் பேர் கேட்டார்கள் என்று இன்று மணிக்கு மணி கணக்குச் சொல்லிவிடுகிறார்கள். கிராமபோன் காலத்தில் அந்த வசதி ஏது? தட்டு தேய்ந்து, பாகவதர் குரலைவிட ஊசியின் கரகரப்பு அதிகமாகக் கேட்டால், பாட்டு பிரபலமாகிவிட்டது என்று அர்த்தம்!

எங்கள் புதுவையில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியார், தம் பாட்டுகளைத் தாமே மெட்டுப் போட்டு உரக்கப் பாடியவர். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைப் போலத் தம் புத்தகங்கள் வீடுதோறும் விலைபோக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அவர் குரல் ஒரு தட்டிலும் பதியவில்லை. 1921-ல் போய்விட்டார். பிறகுதான் வியாபாரம் விழித்துக்கொண்டது.

புத்தகமாக அச்சிடும் உரிமை வேறு, தட்டில் பதியும் உரிமை வேறு. இந்த இரண்டாவது உரிமையை 1934-ல் வாங்கியவர் யார் தெரியுமா? ஜேசிங்லால் மேத்தா என்னும் நகை வியாபாரி. வைரம் விற்கிறவருக்குத் தமிழ்க் கவிதையில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் மதிப்பறிந்து வாங்கியவர் அவர் ஒருவர்தானே! அவரிடமிருந்து ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய்க்கு அதை வாங்கினார் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார். காரைக்குடிப் பக்கம் கொட்டகை போட்டு எடுத்த 'நாம் இருவர்' படம் 1947 ஜனவரியில் வெளிவந்தது. டி. கே. பட்டம்மாள் பாட, சிறுமி கமலா ஆடினாள். சுதந்திரம் வருவதற்கு முன்பே சுதந்திரம் வந்துவிட்டதாக ஆனந்தக் கூத்தாடும் அந்தப் பாட்டைத் தமிழ்நாடே முணுமுணுத்தது. ஆகஸ்டு 15-ம் வந்தது. கவிஞருக்கு அடைக்கலம் தந்த புதுவையில் மட்டும் அன்று பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. அது இறங்க 1954 நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வினை அடுத்த ஆண்டு வந்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் கண்ணன் பாட்டிலிருந்து ஒன்றைச் சேர்த்தார்கள். 1917-ல், கவிஞர் புதுவையில் இருக்கும்போதே நூலாக வந்தது கண்ணன் பாட்டு. அதைப் பாடுவதற்கு அநுமதி கேட்க வேண்டியது செட்டியாரிடம்! அவர் வழக்குத் தொடுத்தார். சட்டப்படி அவர் பக்கம் நியாயம் உண்டு. பணம் கொடுத்து வாங்கியவர், சும்மா இருப்பாரா? என்றாலும் ஊர் மனம் அதை ஒப்பவில்லை. கண்ணனையே ஒருவர் பெட்டியில் வைத்துப் பூட்டிய மாதிரி இருந்தது. எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கூடிப் பேசினார்கள், தீர்மானம் போட்டார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஸர்க்கார் காது கொடுத்தது. செட்டியார் ஒரு காசும் வாங்காமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். இதை அவர் பெருமைக்குரிய காரியம் என்றே சொல்வேன்.

1949 மார்ச்சில் கல்வி மந்திரி அவிநாசிலிங்கம் செட்டியார் சட்டசபையில் அறிவித்தார்: பாரதி பாடல்களின் உரிமையை ஸர்க்கார் எடுத்துக்கொள்ளும், குடும்பத்தாருக்கு ஈட்டுத்தொகை கிடைக்கும். புதுவையில் அரிசிக்குக் கடன் கேட்டு அலைந்த செல்லம்மா பாரதி, அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, 1955-ல் காலமானார்.