கவிழ்த்துச் சுட்ட பானையும் கைமாறிய தொழிலும்

தென்னிந்தியப் பெருங்கற்காலக் கறுப்பு-சிவப்பு மட்கலங்களுக்கும் நைல் ஆற்றங்கரை நூபியாவில் வாழ்ந்த, தொல்லியலாளர் சி-குழு என்றழைக்கும் பண்டைய மக்களின் கலங்களுக்கும் உள்ள ஒப்புமை, பண்பாட்டுப் பரவலுக்குச் சான்றாக எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. வாயும் உட்புறமும் கறுப்பு, வெளியே கீழ்ப்பகுதி சிவப்பு. இரு நிலத்திலும் கல் அடுக்கிய ஈமக்குழிகள். தோற்றம் ஒத்தாலே பரவலுக்குப் போதும், தொழில் எப்படிக் கைமாறியது என்று காட்ட வேண்டியதில்லை என்பது அந்த வாசிப்பின் அடிப்படை. இரு பண்பாடுகளுக்கும் இடையிலான கால இடைவெளியை ஒதுக்கி வைத்தாலும் இந்த அடிப்படை நிற்காது.

அந்த வாசிப்பின் முழுப் பாரமும் நிறத்தின்மேல் விழுகிறது. நிறமோ நெருப்பின் வேலை. பானையைச் சாம்பலிலோ உமியிலோ கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படும் வெளிப்புறத்தில் களிமண்ணின் இரும்பு சிவக்கிறது. புதைந்த வாயிலும் மூடுண்ட உட்புறத்திலும் கரி ஏறுகிறது. கீழ்ப்பகுதி ஓட்டின் முறிவைப் பார்த்தால் கறுப்பு உள்ளிருந்து பரவி, வெளியே மெல்லிய சிவப்புப் பட்டையில் முடிவதைக் காணலாம். இது ஒரே சூட்டில் வந்ததா, இருமுறை சுட்டதில் வந்ததா என்ற விவாதம் அறிஞரிடையே உண்டு. இரண்டு வழியிலும் ஒரே நிறம் வரக்கூடும் என்பதே இங்கு முக்கியம். தான் வந்த வழியையே சொல்லாத நிறம், கற்றுக்கொடுத்தவரை எப்படிக் காட்டும்? மேலும், இந்த நிறம் இவ்விரு பண்பாடுகளுக்கே உரியதும் அல்ல: எகிப்தின் படாரிக் கலங்களில் கி.மு. 4000-க்கு முன்பே கறுத்த வாய் உண்டு; இராஜஸ்தானின் ஆகாரிலும் குஜராத்தின் லோத்தலிலும் பெருங்கற்காலத்துக்கு வெகுமுன்பே கறுப்பு-சிவப்புக் கலங்கள் உண்டு.

தொழில் கைமாறியதா என்பதை வனைந்த முறையில் தேட வேண்டும். கேமரூன் குயவர்களிடையே ஒலிவியே கோஸ்லன் செய்த கள ஆய்வு, அலங்காரம் எளிதில் கடன் வாங்கப்படுவதையும், சிறுவயதில் கையில் படிந்த வனையும் முறை எளிதில் மாறாததையும் காட்டியது. நூபியக் கலங்கள் கையால் வனைந்தவை; தென்னிந்தியக் கலங்களில் பெரும்பாலானவை சக்கரத்தில் வனைந்தவை. மறைந்துபோன குயவரின் பழக்கத்தைக் காண முடியாது என்ற மறுப்பு வலுவற்றது: சக்கர வரிகள், மண்திரி ஒட்டிய இணைப்பு, தட்டிய குழிவு எல்லாம் ஓட்டிலேயே இருக்கின்றன. இடைச் சான்றுகள் அழிந்திருக்கலாம் என்பது எந்தக் கருதுகோளையும் காப்பாற்றும். ஆகவே எதையும் நிறுவாது.

இதனால் இரு நிலங்களுக்கும் தொடர்பே இருந்ததில்லை என்று ஆகிவிடாது. பிற்காலத்தில், எகிப்தில் ரோமானியர் காலச் செங்கடல் துறையான குசேர் அல்-கதீமில் தமிழ்-பிராமிப் பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. அங்கு ஆளும் கலமும் போய்ச் சேர்ந்தது ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் அந்த ஓடுகள் வணிகத்துக்கே சாட்சி. குயவுத் தொழிலும் உடன் போனது என்று சொல்ல, நைல் மண்ணில் தென்னிந்திய முறையில் வனைந்த கலம் ஒன்றாவது வேண்டும்.