பதினைந்து ஊசி இணைப்பியின் நீண்ட ஆயுள்

2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ ஆகிய நிறுவனங்களும் சாம்சங், எல்ஜி ஆகியவற்றின் திரைத் தயாரிப்புப் பிரிவுகளும் கூட்டாக ஓர் அறிவிப்பை வெளியிட்டன. படத்தை அனலாக் முறையில் திரைக்கு அனுப்பும் விஜிஏ இணைப்பு 2015க்குள் கைவிடப்படும் என்பது அதன் சாரம். கணினித் துறையின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒருமித்துக் குறித்த கெடு அது. அந்த ஆண்டு வந்து போய்விட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கருத்தரங்கக் கூடங்களில், மேசையோரம் சுருண்டு கிடக்கும் நீலத்தலைக் கேபிள் மட்டும் போகவில்லை. பொது வாய்மொழித் தேர்வுக்குப் புதிய மடிக்கணினியோடு வரும் ஆய்வாளர், புறத்தேர்வாளர் காத்திருக்க, கன்வெர்ட்டர் தேடித் துறை அலுவலகத்துக்கு ஆள் அனுப்பும் காட்சியைப் பார்த்திராதவர் குறைவு.

இதனை நம் நிறுவனங்களின் பின்தங்கிய நிலை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அதிநவீனத் தரவு மையங்களில் அடுக்கப்பட்டிருக்கும் சர்வர்களின் முதுகிலும் அதே பதினைந்து துளைகள் இருக்கின்றன. வறுமை இதற்கு முழு விளக்கமாகாது. காரணத்தை அந்த இணைப்பு பிறந்த விதத்தில் தேட வேண்டும்.

1987 ஏப்ரலில் ஐபிஎம் தனது பிஎஸ்/2 வரிசைக் கணினிகளை அறிமுகப்படுத்தியபோது விஜிஏ வந்தது. அனலாக் பழையது, டிஜிட்டல் புதியது என்ற பொதுப்புத்தி இங்கே இடறுகிறது. ஐபிஎம்மின் முந்தைய சிஜிஏ, இஜிஏ ஆகிய இரண்டும் திரைக்கு டிஜிட்டல் சமிக்ஞைகளையே அனுப்பின. இஜிஏவில் நிறத்துக்கென ஆறு கம்பிகள். ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை என்று மட்டுமே சொல்லும். ஆகவே 64 நிறங்களுக்கு மேல் வழியில்லை. விஜிஏ 2,62,144 நிறங்களிலிருந்து தேர்ந்துகொள்ள விரும்பியது. பழைய முறையில் அதற்குப் பதினெட்டுக் கம்பிகள் வேண்டும். ஐபிஎம் பொறியாளர்கள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றே கம்பிகளை வைத்து, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையே நிறத்தின் அளவாக்கினர். அன்றைய படக்குழாய்த் திரைக்கு அது இயல்பான மொழியாகவும் இருந்தது.

அந்த முடிவின் பின்விளைவை அன்று யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். மின்னழுத்தத்துக்குப் படிநிலை எண்ணிக்கை கிடையாது. 640×480 புள்ளிகளுக்காக வடிவமைத்த அதே இணைப்பியில் பின்னாளில் 1.6 கோடிக்கு மேற்பட்ட நிறங்களும் 1920×1080 புள்ளிகளும் பயணம் செய்தன. உச்சவரம்பு எதையும் கேபிள் விதிக்கவில்லை. தரம் சற்றுக் குறையும், அவ்வளவே. விஜிஏவுக்கு அடுத்த தரத்தை முன்வைக்க ஐபிஎம்மே முயன்றது. 1990இல் எக்ஸ்ஜிஏவைக் கொண்டுவந்தது, அது எடுபடவில்லை. அதற்குள் பிற நிறுவனங்கள் விஜிஏவை நகலெடுத்துப் பரப்பியிருந்தன. பிறப்பித்தவரின் கட்டுப்பாட்டை விட்டு அது வெளியேறிவிட்டிருந்தது.

பெயரின் பொருள் நகர்ந்த விதமும் கவனிக்கத் தக்கது. 1987இல் விஜிஏ ஒரு மின்சுற்றின் பெயர். பிறகு 640×480 என்ற அளவின் பெயராயிற்று. கைப்பேசி விளம்பரங்களில் வந்த ‘விஜிஏ கேமரா’ பலருக்கு நினைவிருக்கும். இன்று அது பெரும்பாலும் ஒரு கேபிளின் பெயர்.

1999இல் டிவிஐ, 2002 டிசம்பரில் எச்டிஎம்ஐ, 2006இல் டிஸ்ப்ளேபோர்ட் என அடுத்தடுத்து டிஜிட்டல் இணைப்புகள் வந்தன. படத்தின் தெளிவில் அவை மேலானவை என்பதில் ஐயமில்லை. எச்டிஎம்ஐயை உருவாக்கிய ஏழு நிறுவனங்களில் சோனி, பிலிப்ஸ், தோஷிபா போன்ற வீட்டு மின்னணுச் சாதனத் தயாரிப்பாளர்கள் பெரும்பான்மை. அவர்களுக்குத் திரைப்படத் துறையின் நம்பிக்கை தேவைப்பட்டது. எனவே இன்டெல் உருவாக்கிய எச்டிசிபி என்னும் நகல் தடுப்பு முறை இந்த இணைப்போடு சேர்ந்தே பரவியது. பாதுகாக்கப்பட்ட படத்தை அனுப்புமுன் சாதனம் எதிர்முனையின் தகுதியைச் சோதிக்கும். தகுதியில்லையெனில் படம் வராது. தயாரிப்பாளர் உரிமக் கட்டணமும் செலுத்த வேண்டும். விஜிஏவில் இத்தகைய காவல் இல்லை. அதனாலேயே புளூ-ரே கருவிகளில் அனலாக் படவெளியீடு 2013இன் இறுதிக்குப் பின் கூடாது என்று உரிம விதி எழுதப்பட்டது. பழைய இணைப்புகள் தாமாக மூப்படைந்து மறைவதாகப் பேசுவோர் இந்த விதியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பழுதடையும் விதத்திலும் வேறுபாடு உண்டு. நீண்ட விஜிஏ கேபிளில் எழுத்துக்கு நிழல் விழும், நிறம் மங்கும், இருந்தாலும் வாசிக்கலாம். டிஜிட்டல் சமிக்ஞை ஓர் எல்லை வரை பழுதின்றி வந்து, எல்லை தாண்டியதும் திரையை இருட்டாக்கிவிடும். மேடையிலிருந்து கூரை வழியாகப் புரொஜெக்டர் வரை செல்லும் தூரம் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால், சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் நம்பத்தக்கதல்ல. நள்ளிரவில் முடங்கிய சர்வரின் முன் நிற்கும் ஊழியருக்கும் தெளிவு முக்கியமில்லை. எந்தத் திரையைச் செருகினாலும் ஏதாவது தெரிய வேண்டும்.

எல்லாவற்றினும் வலுவான காரணம் ஆயுட்கால வேறுபாடு. மடிக்கணினி ஐந்தாண்டுகளில் மாறுகிறது. புரொஜெக்டர் அதைவிட நீண்ட காலம் உழைக்கிறது. சுவருக்குள் குழாய் பதித்து இழுத்த கேபிளோ, கட்டடத்துக்கு அடுத்த முறை வெள்ளையடிக்கும்வரை அல்லது இடிக்கும்வரை இருக்கும். அதை மாற்ற ஒப்பந்தப்புள்ளி, நிதியொதுக்கீடு, கட்டடப் பிரிவின் அனுமதி என ஒரு கோப்பு நகர வேண்டும். இம்மூன்றும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டியிருப்பதால், மிக மெதுவாக மாறுவதே மற்றவற்றின் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

2015இல் நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். இன்டெல் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அவ்வாண்டு வந்த ஸ்கைலேக் செயலிகளில் விஜிஏ வெளியீடு நீக்கப்பட்டது. மதர்போர்டு தயாரிப்பாளர்கள் பலர் டிஜிட்டல் சமிக்ஞையை அனலாக்காக மாற்றும் ஒரு தனிச் சிப்பைப் பொருத்தி, அதே துளையைப் பின்புறத்தில் வைத்துத் தந்தனர். வாங்கியவருக்கு ஏதும் மாறியதாகத் தெரியவில்லை. மறுமுனையில் எல்சிடி மானிட்டர் அந்த அனலாக்கை மீண்டும் டிஜிட்டலாக மாற்றிக்கொண்டது. இடையிலிருக்கும் ஒன்றரை மீட்டர் கேபிளுக்காக இரண்டு மொழிபெயர்ப்புகள்!

மெல்லிய மடிக்கணினிகளில் அந்தச் சிப்புக்கும் துளைக்கும் இடமில்லாமற் போனபோது மாற்றும் வேலை பெட்டிக்கு வெளியே வந்தது. அதுவரை தயாரிப்பாளரின் செலவாக இருந்த ஒன்று, சில நூறு ரூபாய்க் கன்வெர்ட்டராகப் பயனரின் பையில் ஏறியது. சுவருக்குள் இருக்கும் கேபிள் பல்கலைக்கழகத்தின் சொத்து; அதற்கேற்ற கன்வெர்ட்டர் மட்டும் உதவித்தொகை வந்துசேராத ஆய்வாளரின் பொறுப்பு.