நாட்டுப்புற மெட்டில் ஒரு வழிபாடு

மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய இடமளிக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு 1963-இல் பணித்தது. ஆயினும் பறைக்கும் கிராமிய மெட்டுக்கும் நம் ஆலயக் கதவுகள் எளிதில் திறக்கவில்லை.

மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தென்னிந்தியத் திருச்சபைக் குருவானவர் தியோபிலஸ் அப்பாவு, வழிபாடு முழுவதையுமே கிராமிய இசையில் அமைத்து ஒலிநாடாவாக்கினார். ‘பரட்டை அண்ணன்’ என்று அன்போடு அழைக்கப்பட்ட அவர் 2005-இல் மறைந்தார். நாட்டுப்புறப் பாடலை எழுத்தறியாதோரும் ஏடின்றிப் பாடலாம். தம் வாழ்வுக்கேற்ப மாற்றியும் புனையலாம். இதுவே அவர் கண்ட விடுதலை. இறைவனைத் தந்தை, தாய் இருவருக்கும் பொருந்தும் சொல்லாலேயே அவர் விளித்தார்.

சபை வேறாயினும் வினா நமக்கும் உரியதே. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் உழைப்பாளி, தன் வீட்டு மெட்டை வாயிலிலேயே களைந்துவிட்டா ஆலயத்தினுள் நுழைய வேண்டும்?