அசலையும் செலவழித்த அறக்கட்டளை

பி.காம். படிக்கும் எனக்கும் உயிரிமருத்துவப் பொறியியலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வரலாற்றில் பொறியியல் கொஞ்சம், வரவு செலவுக் கணக்கு நிறைய. அதனால் தைரியமாக எழுதுகிறேன். :)

ஒவ்வொரு ஆண்டும் இறுதியாண்டு பொறியியல் மாணவர்கள் பலர் அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். மதிப்பெண் பட்டியல், பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன் என்று ஒரு கட்டுரை, கூடவே விண்ணப்பக் கட்டணம். துறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், கெமிக்கல் ஆகியவற்றோடு பயோமெடிக்கல் என்ற பெயரும் இருக்கும். ஏதோ ஆதிகாலத்திலிருந்தே அது அங்கே இருப்பது போலத் தோன்றும். உண்மை அப்படி இல்லை. இந்தத் துறை எப்படி வந்தது, அதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டால், விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு உதவியாகவும் இருக்கும்.

துறை இல்லாத காலம்

ஏர்ல் பாக்கன் என்பவர் 1948இல் மின்னசோடா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரிகல் எஞ்சினியரிங் பட்டம் பெற்று, அங்கேயே மேற்படிப்பில் சேர்ந்தார். அவருடைய மனைவி மினியாபொலிஸ் நகரில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்தார். மனைவியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அங்குள்ளவர்கள், பழுதான கருவிகளைச் சரிசெய்து தருவாயா என்று கேட்பார்கள். மருத்துவமனையில் மின்கருவிகள் பெருகிக்கொண்டிருந்தன, அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை. பாக்கன் மேற்படிப்பை விட்டுவிட்டு, 1949இல் தன் மைத்துனரோடு சேர்ந்து ஒரு கார் கொட்டகையில் மெட்ரானிக் என்ற கம்பெனியைத் தொடங்கினார். முதல் மாத வருமானம் 8 டாலர்!

1957 அக்டோபர் 31 அன்று மினியாபொலிஸில் மின்சாரம் நின்றுபோனது. அப்போது இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவிகள் பெரியதாக இருந்தன. சுவரில் உள்ள மின்சாரத்தில்தான் ஓடும். இதய அறுவை சிகிச்சை முடிந்து அந்தக் கருவியை நம்பிக் கிடந்த குழந்தைகளின் நிலையை நினைத்துப் பாருங்கள். வால்டன் லில்லிஹை என்ற அறுவை மருத்துவர் பாக்கனிடம் இதற்கு ஒரு வழி கேட்டார். ஒரு மின்னணுப் பத்திரிகையில் வந்திருந்த, இசைக்குத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் சுற்றை எடுத்து மாற்றியமைத்து, பாட்டரியில் ஓடும் சிறு பேஸ்மேக்கரை நான்கே வாரங்களில் செய்து கொடுத்தார் பாக்கன்.

இதைச் சாதனைக் கதையாக எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. மருத்துவமனைக்கு வேண்டிய வேலையைச் செய்ய, மேற்படிப்பு மாணவர் ஒருவர் படிப்பை விட்டுவிட்டு வெளியே வர வேண்டியிருந்தது. உள்ளே அதற்கென்று துறையும் இல்லை, பேராசிரியரும் இல்லை.

இரண்டுங்கெட்டான் நிலை

1960களின் தொடக்கத்தில் நிலைமை கொஞ்சம் மாறியது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் (சுருக்கமாக என்.ஐ.எச்.) ஜான்ஸ் ஹாப்கின்ஸ், பென்சில்வேனியா, ராச்செஸ்டர் போன்ற பல்கலைக்கழகங்களுக்கு, பொறியாளர்களை மருத்துவ ஆராய்ச்சிக்குப் பயிற்றுவிக்கப் பணம் கொடுத்தன. 1968இல் பயோமெடிக்கல் எஞ்சினியரிங் சங்கம் தோன்றியது. 1972இல் டியூக் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்பு அங்கீகாரம் பெற்றது.

ஆனாலும் பெரும்பாலான இடங்களில் இது தனித் துறையாக வளரவில்லை. எலக்ட்ரிகல் துறையில் ஒரு பேராசிரியர், மெக்கானிக்கல் துறையில் ஒருவர், மருத்துவக் கல்லூரியில் ஒருவர் என்று சிதறிக் கிடந்தார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டுப் போனால் மருத்துவப் பக்கத்தில் “இது பொறியியல்” என்றார்கள், பொறியியல் பக்கத்தில் “இது மருத்துவம்” என்றார்கள். தனித் துறை இல்லாததால் தனியாகப் பேராசிரியர் பணியிடம் இல்லை. பணியிடம் இல்லாததால் மாணவர் சேர்க்கையும் இல்லை. மாணவர் இல்லாமல் துறை எப்படி வரும்?

விட்டேக்கரின் பணம்

இந்த முடிச்சை அவிழ்த்த பணம் மருத்துவத் தொழிலிலிருந்து வரவில்லை, மின்கம்பி முனைகளை விற்று வந்தது. அன்கஸ் விட்டேக்கர் 1923இல் எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படித்தவர். பிறகு எலக்ட்ரிகலும் சட்டமும் படித்தார். 1941இல் அவர் தொடங்கிய ஏ.எம்.பி. கம்பெனி, ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் அழுத்தியே கம்பிகளை இணைக்கும் முனைகளைத் தயாரித்தது. போர்க்காலத்தில் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் அவை ஏராளமாகத் தேவைப்பட்டன. கம்பெனி பெரிதாக வளர்ந்தது.

1975இல் விட்டேக்கர் இறந்தபோது அவருடைய சொத்தில் ஓர் அறக்கட்டளை உருவானது. 1982இல் அவருடைய மனைவி ஹெலன் இறந்தபோது மேலும் பணம் சேர்ந்தது. பொறியியலை மருத்துவத்தில் பயன்படுத்தும் ஆராய்ச்சிக்கு, முக்கியமாகப் புதிதாக வேலையில் சேர்ந்த இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு, அறக்கட்டளை நிதி கொடுத்தது.

இனிமேல்தான் நம் பாடம் வருகிறது. அறக்கட்டளை என்றாலே அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவு செய்வதுதான் வழக்கம். அமெரிக்கச் சட்டப்படி தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுக்குச் சொத்தில் ஏறத்தாழ 5 சதவீதமாவது செலவிட வேண்டும். பல அறக்கட்டளைகள் அந்த அளவை ஒட்டியே செலவிட்டு, காலாகாலத்துக்கும் நிலைத்திருக்கப் பார்க்கும். விட்டேக்கர் அறக்கட்டளையின் நிர்வாகிகள் 1990களின் தொடக்கத்தில் வேறு முடிவெடுத்தார்கள். வட்டியோடு அசலையும் குறிப்பிட்ட காலத்துக்குள் செலவழித்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவது!

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் 100 கோடி ரூபாய் இருக்கிறது, ஆண்டுக்கு 7 சதவீத வருமானம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதம் மட்டும் செலவிட்டால் முதல் ஆண்டில் 5 கோடி கொடுக்கலாம். அதே பணத்தை 15 ஆண்டுகளில் அசலோடு தீர்ப்பது என்றால், ஆண்டுத்தொகைச் சூத்திரப்படி ஒவ்வொரு ஆண்டும் ஏறத்தாழ 11 கோடி கொடுக்கலாம். தொகை இரட்டிப்புக்கு மேல் போகிறது. ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சிக்கு உதவுவது வேறு, ஒரு துறையையே கட்டி எழுப்புவது வேறு. இரண்டாவதற்குச் சில ஆண்டுகளுக்குள் பெரிய தொகை வேண்டும். புதிய ஆசிரியர்களின் சம்பளம், ஆய்வகம், கட்டடம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால்தான் துறை நிற்கும். பல்கலைக்கழகமும் தன் பங்குக்குப் பணமும் பணியிடங்களும் தர வேண்டும் என்று அறக்கட்டளை எதிர்பார்த்தது. அதனால் அறக்கட்டளை போன பிறகும் துறையை மூடிவிட முடியாது.

2006 ஜூன் 30 அன்று சொன்னபடியே அறக்கட்டளை மூடப்பட்டது. மொத்தம் 70 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். அமெரிக்காவில் 30 பயோமெடிக்கல் எஞ்சினியரிங் படிப்புகள் உருவாகவும், 13 கட்டடங்கள் எழும்பவும் அந்தப் பணம் உதவியது. இன்று விண்ணப்பத்தில் அந்தப் பெயர் சாதாரணமாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

செய்தது சரியா?

மூடியதில் நஷ்டமே இல்லையா? இருக்கிறது. அரசிடம் நிதி கேட்டால், இந்த யோசனை பலிக்கும் என்பதற்கு முதற்கட்ட ஆய்வு முடிவுகளை எதிர்பார்ப்பார்கள். இப்போதுதான் ஆய்வகம் திறந்த இளம் பேராசிரியரிடம் அது இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்குக் கை கொடுத்த ஒரு கதவு மூடிக்கொண்டது. இன்னொன்று, துறைகள் பெருகிய வேகத்துக்கு ஏற்ற வேலைகள் எல்லோருக்கும் கிடைக்குமா என்ற கேள்வி. மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் படித்தவர்களும் அதே வேலைகளுக்குப் போட்டி போடுகிறார்கள்.

மறுபக்கத்தில், அறக்கட்டளை மூடுவதற்கு முன்பே அரசு உள்ளே வந்துவிட்டது. 2000 டிசம்பர் 29 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம், என்.ஐ.எச்.சுக்குள் மருத்துவப் படிமவியலுக்கும் உயிரிப் பொறியியலுக்கும் தனி நிறுவனம் அமைந்தது. துறைகளும் பேராசிரியர்களும் பெருகியிருந்ததால்தான் அந்தக் கோரிக்கைக்குப் பலம் வந்தது என்பது என் கருத்து. வட்டியை மட்டும் கொடுத்துக்கொண்டு இருந்திருந்தால், 2000இல் கேட்பதற்கே ஆள் குறைவாக இருந்திருப்பார்கள். ஆகவே கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு

துறையைக் கட்டிய தனியார் பணம் தீர்ந்துவிட்டது. இன்று அங்கே பிஎச்.டி. மாணவரின் உதவித்தொகையில் பெரும் பகுதி அரசின் ஆராய்ச்சி நிதியிலிருந்து வருகிறது. அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. என்.ஐ.எச். தரும் பயிற்சி நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை அனுமதி உள்ளவர்களுக்கும் மட்டுமே. நம் ஊரிலிருந்து போகிறவருக்கு அது கிடையாது. பேராசிரியர் தன் ஆராய்ச்சித் திட்டத்துக்கு வாங்கிய நிதியிலிருந்துதான் பெரும்பாலும் சம்பளம் கிடைக்கும். அப்படியானால் உங்களை எடுக்கலாமா என்று பார்க்கும் பேராசிரியரின் மனதில், “என் திட்டத்தில் இவர் என்ன செய்வார்?” என்ற கேள்விதான் முதலில் இருக்கும்.

எனவே “சிறு வயதிலிருந்தே மனித குலத்துக்குச் சேவை செய்ய ஆசை” என்று கட்டுரையைத் தொடங்குவதை விட, எந்தப் பிரச்சினையில் வேலை செய்ய விரும்புகிறீர்கள், அதற்கு உங்கள் கையில் என்ன திறமை இருக்கிறது என்று எழுதுவது பலன் தரும். அந்தத் துறை எதிலிருந்து பிறந்தது என்றும் பாருங்கள். எலக்ட்ரிகலிலிருந்து கிளைத்த துறையில் கருவிகளும் நரம்பு ஆராய்ச்சியும் பலமாக இருக்கலாம், கெமிக்கலிலிருந்து கிளைத்ததில் திசு வளர்ப்பும் மருந்து செலுத்தும் முறைகளும். பல்கலைக்கழகத்தின் தரவரிசை எண் இதைச் சொல்லாது, பேராசிரியர்களின் பட்டியல் சொல்லும்.

பணம் வரும் வழியைப் பார்ப்பது அவசியம் என்பதை 2025 நன்றாகவே காட்டியது. என்.ஐ.எச். நிதி குறித்த குழப்பத்தில் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தன. மாணவர்களின் மதிப்பெண்ணில் எந்தக் குறையும் இல்லை, நிதி வருமா என்பதுதான் சந்தேகம். எனவே முடிந்தால் பேராசிரியரிடம் மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்: வரும் ஆண்டில் மாணவர் எடுக்கிறீர்களா, திட்ட நிதி எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது? கூச்சப்பட ஒன்றுமில்லை. பாக்கன் காலத்தில் இப்படிக் கேட்க ஒரு துறையே கிடையாது.

விண்ணப்பிக்கும் நண்பர்களுக்கு வாழ்த்துக்கள்!