உருமாறும் போர்விமானம்

யப்பானியத் தொலைக்காட்சியில் 1982ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 3ஆம் திகதி 'மக்ரொஸ்' என்னும் சித்திரத் தொடர் தொடங்கிற்று. அதிலே வல்கிரி என்ற பெயருடைய போர்விமானம் ஒன்று வானிற் பறக்கும். வேண்டியபோது கால்களை நீட்டித் தரையில் இறங்கும். பின்னர் நிமிர்ந்து நின்று, துப்பாக்கி ஏந்திய இயந்திர மனிதனாகிவிடும். சித்திரத்தில் இவ்வாறு செய்வது எளிது. ஒரு படத்தில் இருந்த சிறகு அடுத்த படத்தில் இல்லாதொழியினும் கேட்பாரில்லை. அதே விமானத்தைப் பிளாஸ்ரிக்கிலே செய்து ஒரு சிறுவன் கையிற் கொடுப்பதோ வேறு காரியம். கையிலுள்ள பொருளில் ஒளிப்பதற்கு இடமில்லை; விமானத்தில் இருந்த ஒவ்வொரு துண்டும் மனிதனிலும் எங்கேனும் இருந்தே ஆகவேண்டும்.

வல்கிரியை வரைந்தவர் ஷோஜி கவமோரி. 1960இற் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. கெயோ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். அமெரிக்கக் கடற்படையின் எப்-14 விமானத்தைப் போன்று, விரியவும் ஒடுங்கவும் வல்ல சிறகுகளை அவர் தமது விமானத்துக்கு அமைத்தார். அதன் உள்ளமைப்பு மிக நுட்பமானது. காற்றை உள்ளிழுக்கும் வாயில்கள் தொடைகளாகின்றன. எஞ்சின்கள் கீழே தொங்கிக் கால்களாகின்றன. புகைபோக்கிகள் இரு பிளவாகிப் பாதங்களாகின்றன. கைகள் கால்களின் இடையே மடிந்து வயிற்றுப்புறத்தில் ஒளிந்திருக்கின்றன. தலையும் அவ்வாறே உடலின் அடியிற் கிடக்கின்றது. விமானமுமன்றி மனிதனுமன்றி, பறவை போலக் காலூன்றும் இடைநிலை ஒன்றும் உண்டு. மூன்றனுள் அதுவே விசித்திரமானது.

இப்பொறி மாதிரியுருவாக வெளிவந்த கதையை அறிவதற்கு ஷிசுவோகாப் பகுதியை அறிதல் வேண்டும். தொக்குகாவா இயெயாசு 1616இல் இறந்தபின் எழுந்த குனோசான் கோயிலுக்கும், அந்நகரின் செங்கென் கோயிலுக்கும் வேலை செய்ய வந்த தச்சர்களும் அரக்குப் பூச்சுக்காரரும் அங்கேயே குடியமர்ந்தனர் என்பது ஊரார் வழங்கும் வரலாறு. எவ்வாறாயினும் மரவேலை அந்நகரில் வேரூன்றிற்று. 1924இல் அவ்வூரில் அஒஷிமா நிறுவனத்தைத் தொடங்கியவர் ஒரு விமானி என்பது குறிப்பிடத்தக்கது. போருக்குப் பின்னர், 1945 தொட்டு 1952 வரை யப்பானியர் மெய்யான விமானம் கட்டுதல் தடைசெய்யப்பட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் விமானம் கட்ட விரும்பிய சிறுவனுக்கு மரத்துண்டும் கத்தியுமே மிஞ்சின எனலாம்.

தமியா நிறுவனமும் 1946இல் மரவியாபாரமாகவே தோன்றிற்று. பின்னர் மரத்தாலான மாதிரிகளைச் செய்து விற்றது. அமெரிக்காவிலிருந்து பிளாஸ்ரிக் மாதிரிகள் வந்திறங்கியதும் மரத்தின் மதிப்புச் சரிந்தது. தமியா 1960இல் தன் முதற் பிளாஸ்ரிக் மாதிரியாக யமாட்டோ போர்க்கப்பலை வெளியிட்டது. போட்டியாளர் ஒருவர் அதே கப்பலை மலிவாக விற்றமையால் அம்முயற்சி நட்டத்தில் முடிந்தது. இத்தொழிலின் ஆபத்து இங்கே விளங்கும். மரத்துக்கு வேண்டியவை கத்தியும் கைத்திறனுமே. பிளாஸ்ரிக்குக்கோ உருக்கிலே குடைந்த அச்சு வேண்டும். முதற் பெட்டி விற்குமுன்னரே அந்த அச்சுக்குப் பெரும்பணம் போய்விடும். விற்காவிட்டால் அந்த உருக்கை வேறெதற்கும் பயன்படுத்த இயலாது.

இமாய் என்னும் நிறுவனம் இதனை நன்கறிந்தது. பிரித்தானியத் தொடரான 'தண்டர்பேர்ட்ஸ்' யப்பானில் ஒளிபரப்பானபோது அதன் ஊர்திகளை மாதிரிகளாக்கி அது பெரும் பொருளீட்டியது. அலை ஓய்ந்ததும் 1969இல் முறிந்தது. அதன் தொழிற்சாலையையும் அச்சுகள் பலவற்றையும் வாங்கியே பண்டாய் இத்துறையிற் புகுந்தது. அதே பண்டாய் 1980இல் வெளியிட்ட 'குண்டம்' மாதிரி முந்நூறு யென் விலைக்கு விற்றுத் தேசமெங்கும் பரவிற்று. முறிந்த இமாயோ மீண்டும் எழுந்து, அரீயி என்னும் நிறுவனத்தோடு சேர்ந்து, மக்ரொஸ் மாதிரிகளை விற்க முன்வந்தது. வீழ்ந்தவனே அதே சூதாட்டத்துக்குத் திரும்பி வந்தான் என்றால் மிகையாகாது.

இவ்விரு நிறுவனங்களும் 1/100 அளவில் ஒரே நிலையில் நிற்பவற்றையும், 1/72 அளவில் உருமாறுபவற்றையும் வெளியிட்டன. உருமாறும் மாதிரியின் நீளம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். அதனுள் இடுப்பு, முழங்கால், தோள், சிறகு என எத்தனை மூட்டுகள்! மூட்டு இறுகினால் ஊசிபோன்ற அச்சாணி ஒடியும். தளர்ந்தால் மனிதன் நிற்கமாட்டான். வர்ணம் பூசினாலோ, பூச்சின் தடிப்பே மூட்டை இறுக்கிவிடும். இருமுறை மடித்ததும் உராய்ந்து உரிந்துபோகும். விமானத்தின் மெல்லிய உருவைக் காக்க விரும்பினால் மூட்டுக்கு இடமில்லை. மூட்டுக்கு இடம் விட்டால் விமானம் பருத்துவிடும். பொறுமையோடு ஒட்டிய சிறுவனுக்கு இந்த உண்மை பசை காயுமுன்னரே தெரிந்திருக்கும்.

ஆயத்தமாகச் செய்து முடித்த பொம்மையைத் தகட்டொக்கு என்னும் நிறுவனம் 1/55 அளவில் விற்றது. அது உறுதியானது, துண்டு எதையும் கழற்றாமலே உருமாறியது. ஆயினும் அந்நிறுவனம் 1984இல் முறிந்தது. அந்தப் பொம்மையின் அச்சோ அழியவில்லை. அதனின்று வார்த்த உரு 1985இல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோவின் 'ஜெட்பயர்' என்ற வேறு பெயரோடும் வேறு கதையோடும் விற்பனைக்கு வந்தது. நிறுவனம் மடிய அச்சு வாழ்ந்தது. அமெரிக்கச் சிறுவருள் எத்தனை பேர் அதன் பழைய பெயரைக் கேட்டிருப்பர்?

மெய்யான விமானங்களின் மாதிரிகளுக்குப் பேர்பெற்ற ஹசெகாவா 2000ஆம் ஆண்டளவில் வல்கிரியைக் கையிலெடுத்தது. அந்நிறுவனம் உருமாற்றத்தையே கைவிட்டது. விமானத்துக்கு ஒரு பெட்டி, மனிதனுக்கு ஒரு பெட்டி, இடைநிலைக்கு ஒரு பெட்டி என 1/72 அளவில் தனித்தனியே விற்றது. கோழைத்தனம் என்று சிலர் கருதக்கூடும். ஆனால் அதன் விமானத்தைக் கண்டவர் அவ்வாறு சொல்லத் தயங்குவர். தகட்டுப் பொருத்துகளின் கோடுகள் மெய்யான விமானத்தில் உள்ளவை போன்றே அதில் தோன்றும். மாறாகப் பண்டாய், 2008இல் வெளிவந்த புதிய மக்ரொஸ் தொடரின் விஎப்-25 விமானத்தைப் பசையின்றிப் பொருத்தி முற்றாக உருமாற்றத்தக்க மாதிரியாக அதே 1/72 அளவிற் செய்தது. துண்டுகளை வெவ்வேறு நிறங்களில் வார்த்தமையால் வர்ணச் சிக்கல் பாதி தீர்ந்தது; மீதிக்கு ஒட்டுத்தாள்கள் கொடுக்கப்பட்டன.

ஹசெகாவாவின் மூன்று பெட்டிகளையும் வாங்கி, மூன்றையும் தனித்தனியே கட்டி, ஒரே தட்டில் வரிசையாக நிறுத்துவோரும் உளர். அத்தட்டில் எந்த மூட்டும் அசைய வேண்டியதில்லை. பூசிய வர்ணமும் உரிவதில்லை.