வாராதார்க்கு வைத்த உணவு

சேர் ஏர்னஸ்ற் சாக்கிள்டனின் அந்தாட்டிக்கப் பயணத்தைப் பற்றி எழுதுவோர், அவர் தம்மோடு சென்றோருள் ஒருவரையேனும் இழக்கவில்லை என வியந்துரைப்பர். ‘எண்டியூரன்ஸ்’ கப்பலிற் சென்ற 28 பேரைப் பொறுத்தவரை இக்கூற்று உண்மையே. ஆயின் அப்பயணத்திற்கு இரு கப்பல்கள் அனுப்பப்பட்டன. மற்றைய கப்பலிற் சென்றோருள் மூவர் மீளவில்லை.

வெடல் கடற் பக்கத்திலிருந்து புறப்பட்டு, தென்துருவத்தினூடாகக் கண்டத்தைக் கடந்து றொஸ் கடலை அடைவதே சாக்கிள்டனின் திட்டமாகும். முழு வழிக்கும் வேண்டிய உணவைச் சுமந்து செல்லல் இயலாது. ஆதலின், மக்கின்ரொஷ் தலைமையில் ‘ஓறோரா’ கப்பலிற் சென்ற குழு, எதிர்ப்புறத்திலிருந்து வழிநெடுக உணவுக் களஞ்சியங்களை அமைத்தல் வேண்டுமென வகுக்கப்பட்டது.

1915 மே மாதத்திற் கடும்புயல் வீசியது. கட்டுகள் அறுந்த ‘ஓறோரா’ பனிக்கட்டியோடு அடித்துச் செல்லப்பட்டது. கரையில் 10 பேர் தனித்து விடப்பட்டனர். உடையும் எரிபொருளும் பெரும்பாலும் கப்பலோடு போயின. முன்னர் ஸ்கொற் குழுவினர் விட்டுச்சென்ற எஞ்சிய பொருட்களைத் தேடியெடுத்தும், பழைய கூடாரத் துணியில் உடை தைத்தும், சீல் விலங்கின் இறைச்சியை உண்டு அதன் கொழுப்பை எரித்தும் அவர்கள் உயிர் தாங்கினர். தலைமையின் அவசரத்தால் நாய்களுட் பெரும்பாலானவை முதற் பருவத்திலேயே மடிந்துவிட்டன. பணியைக் கைவிட இவை போதிய காரணங்களே. எனினும், களஞ்சியம் இல்லையெனில் வருவோர் மடிவர் என்ற எண்ணம் அவர்களைச் செலுத்தியது.

1916 ஜனவரியில் தென் அகலக்கோடு 83½ பாகையை அண்டிய ஹோப் மலையருகே இறுதிக் களஞ்சியம் அமைக்கப்பட்டது. ‘எண்டியூரன்ஸ்’ 1915 நவம்பர் 21ஆம் திகதியே மூழ்கிவிட்டதை அவர்கள் அறியார்.

மீளும் வழியிற் ஸ்கேர்வி நோய் அவர்களை வருத்தியது. நடக்க இயலாத ஸ்பென்சர் ஸ்மித்தை ஏறக்குறைய 40 நாட்கள் சறுக்குவண்டியில் வைத்து இழுத்தனர். புயலில் உணவு தீர்ந்தபோது ஜொய்ஸ், றிச்சாட்ஸ், ஹேவாட் ஆகியோர் முன்சென்று, தாம் அமைத்த களஞ்சியமொன்றை அடைந்து, உணவோடு தோழரிடம் திரும்பினர். வாராதார்க்கு வைத்த உணவே வைத்தோரைக் காத்தது. ஆயினும் ஸ்பென்சர் ஸ்மித் மார்ச் 9ஆம் திகதி இறந்தார். மே 8ஆம் திகதி, தோழர் தடுத்தும் கேளாது, உறுதிபெறாத கடற்பனிமீது நடந்து சென்ற மக்கின்ரொஷும் ஹேவாட்டும் திரும்பவில்லை. 1917 ஜனவரி 10ஆம் திகதி ‘ஓறோரா’ மீண்டு வந்தபோது எழுவரே எஞ்சியிருந்தனர். அவர்களைக் காண வந்தோருள் சாக்கிள்டனும் ஒருவர்.

பயன் விளையவில்லை என்பதற்காக ஒரு செயலை மறத்தல் வரலாற்று நெறியாகாது. செய்தோரின் உறுதியைப் போற்றுங்கால் அவர்தம் பிழைகளை மறைத்தலும் ஆகாது. இரண்டையும் ஒருங்கே பதிந்தாலன்றி அப்பத்துப் பேரின் வரலாறு நிறைவுறாது. “ஒருவரையும் இழக்கவில்லை” என நாம் எழுதுந்தோறும் அம்மூவரும் மீண்டுமொரு முறை பனியிற் புதைக்கப்படுகின்றனர்.